ஒரு தட்டுக்கு நிற்க வேண்டும்

சித்தையன்கோட்டை,
5.8.2024

அன்புள்ள அண்ணன் உடையப்பனுக்குத் தங்கை பழனியம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே நான், பேத்தி மணிமேகலை, கறவை மாடு எல்லாரும் சுகம். அங்கே நீ, மகள் தீபா, மாப்பிள்ளை முகேஷ்குமார் எல்லாரும் சுகமா? உன் முட்டிவலி தேவலையா? முக்கியமாகக் கண் எப்படி இருக்கிறது? நீ லாரி ஏறிய நாளில் இருந்து நான் கேட்கிற கேள்விதான். இருந்தாலும் அதைக் கேட்டால்தான் எனக்குக் கடிதம் எழுதின மாதிரி இருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு ஆத்தூர் அணைப்பக்கம் போய்விட்டு வந்தோம். சம்பங்கி நன்றாகப் பூத்திருக்கிறது. பூப்பதில் குறை இல்லை, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருவதில்தான் குறை. சோலைமுத்து வேனில்தான் இந்த ஊர்ப் பூ மொத்தமும் போகிறது. அவனுக்கு டீ குடிக்க ஒரு நேரம், பேப்பர் பார்க்க ஒரு நேரம். நம்ம பூ போய்ச் சேரும்போது பாதிச் சந்தை முடிந்துவிடுகிறது.

நான் கடிதம் எழுத உட்கார்ந்தால் மணிமேகலைக்குச் சிரிப்பு. "இன்னும் எதுக்கு அப்பத்தா தபாலு? செல்லுல பேசிற வேண்டியதுதான?" என்கிறாள். "எங்கண்ணன் நாப்பத்திரண்டு வருசம் லாரி இஞ்சினுக்குப் பக்கத்துல உக்காந்து காதக் குடுத்துட்டு வந்திருக்கு. போன்ல நான் கத்துனா ஊருக்கே கேக்கும், அதுக்கு மட்டும் கேக்காது" என்றேன். அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து இது. அந்தக் காலத்தில் வாத்தியார் என் நோட்டைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார். அது வீணாகப் போகலாமா?

தீபாவளிக்கு முன்னால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.

பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
பழனியம்மாள்

---

ஒட்டன்சத்திரம்,
17.8.2024

தங்கச்சி பழனியம்மாளுக்கு அண்ணன் உடையப்பனின் ஆசிகள்.

ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கண்ணைக் கேட்டாய். கழுகுக் கண். எழுபது வயதில் கண்ணாடி போடாமல் உனக்குக் கடிதம் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

லாரியை விட்டு எட்டு வருடம் ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. என் குட்டியானை வண்டி இன்னும் புது மாப்பிள்ளை மாதிரிதான் ஓடுகிறது. விடியும் முன் தோட்டங்களில் முருங்கையும் தக்காளியும் ஏற்றி, வெளிச்சம் வருவதற்குள் மார்க்கெட்டில் இறக்கிவிடுவேன். சின்னப் பயல்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டுகிறார்களாம். எனக்கு எதுவும் கேட்காததால் நிம்மதியாக ஓட்டுகிறேன்.

போன வாரம் ஒரு சின்னச் சங்கடம். பள்ளிக்கூடத்துச் சுவரை ரோட்டை ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். எவன் கட்டினானோ. இடது பக்கக் கண்ணாடி போயிற்று. கண்ணாடிதானே, மாட்டிக்கொள்ளலாம்.

முகேஷ் ரெண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை மாமா என்கிறான். வாய் அசைவதை வைத்துத்தான் சொல்கிறேன், வேறு ஏதாவதுகூடச் சொல்லியிருப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாட்டுக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உடையப்பன்

---

ஒட்டன்சத்திரம்,
30.8.2024

அன்பான அத்தைக்குத் தீபாவின் வணக்கம்.

நீங்களும் மணிமேகலையும் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் நலம் என்றுதான் எழுத வந்தேன், மனம் ஒப்பவில்லை. இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது. உங்களிடம் பேச போனை எடுத்தாலே யாரிடம், என்ன என்று பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது அத்தை. மதுரையில் காட்டினோம். பக்கப் பார்வை போய்விட்டதாம். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரியும், படிப்பார், எழுதுவார். ஆனால் ஒரு குழாய்க்குள் பார்ப்பது மாதிரியாம். ரெண்டு பக்கமும் வருவது தெரியாது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற சொட்டு மருந்து என்று சொல்லிவிட்டார்கள். வண்டி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் பேப்பரில் பெரிதாக எழுதிக் காட்டினார். அப்பா அந்தப் பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் ஒரு ஆட்டை அடித்தார். இந்த மாதம் பள்ளிக்கூடத்துச் சுவர். ஒரு தடவை இவர் சாவியை ஒளித்து வைத்தார். அப்பா ரெண்டு நாள் சாப்பிடாமல் வண்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தார். "என்னால முடியலைங்க தீபா, சாவியக் குடுத்தர்றேன்" என்று இவரே கொடுத்துவிட்டார்.

இப்போது ஆவணி. மார்கழி, தை வந்தால் செம்பட்டி ரோடு முழுக்கப் பழனிக்கு நடக்கிறவர்கள். இருட்டோடு கிளம்பி ஓரத்திலே கூட்டம் கூட்டமாக வருவார்கள். அப்பா அந்த ரோட்டில்தான் லோடு ஏற்றப் போகிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். ஆனால் நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்,
தீபா

---

சித்தையன்கோட்டை,
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்குப் பழனியம்மாள் எழுதும் மடல்.

நான் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? காதுக்குள் இரைச்சல் என்றாயே, அது குறைந்ததா? ராத்திரிச் சாப்பாடு செரிக்கிறதா? முருங்கைக்காய் ஊரில் இருந்துகொண்டு தினமும் அதையே தின்னாதே.

ஒரு விசயம் சொல்கிறேன், சிரிக்காதே. நான் வண்டி ஓட்டப் படிக்கப் போகிறேன்.

சோலைமுத்துவோடு சண்டை போட்டுப் போட்டு வாய் வலித்துப் போயிற்று. போன வாரம், "ஏலே, பூ வாடுதுடா, எந்திரிடா" என்றேன். "ஆத்தா, அம்புட்டு அவசரம்னா நீயே ஓட்டிட்டுப் போயேன்" என்றான். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கே பஸ் ஏறித் திண்டுக்கல் போய்விட்டேன். பேகம்பூரில் நர்கீஸ் என்று ஒரு பெண் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறது. அவளும் ஓட்டுவாள், சொல்லியும் கொடுப்பாள். "வயசு என்னம்மா?" என்று கேட்டாள். "அறுபத்து மூணு" என்றேன். "படிப்பு?" "அஞ்சாவது. ஆனா கிளாஸ்ல மொதல்ல வந்தவ" என்றேன். "அப்ப வாங்க" என்றாள்.

படித்துவிட்டு ஓட்ட ஒரு வண்டி வேண்டும். புதுசு வாங்குகிற ஆள் நான் இல்லை. அதனால் அண்ணே, உன் குட்டியானையை எனக்குக் கொடு. உனக்கும் எழுபது ஆகிவிட்டது. எவ்வளவு காலம்தான் மற்றவர்கள் தக்காளியைச் சுமப்பாய்?

ஞாபகம் இருக்கிறதா? நீ கிளீனராக இருந்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். லாரிப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்க வேண்டும், ரெண்டு தட்டுத் தட்டினால் போகலாம். நீ ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் பின்னால் நின்று ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பினவள் நான்தான். அம்பது வருடம் தட்டித்தான் அனுப்பினேன். ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கிறேனே.

யோசித்து எழுது.

அன்புத் தங்கை,
பழனியம்மாள்

---

ஒட்டன்சத்திரம்,
23.9.2024

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

எல்லாரும் நலம். முட்டி, காது, வயிறு எல்லாவற்றையும் விசாரித்திருந்தாய். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். பிறகு முகேஷிடம் காட்டினேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதானுங்க மாமா" என்று பேப்பரில் எழுதிக் காட்டினான். இந்த வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஆகிவிட்டது.

வண்டியைக் கேட்காதே பழனி. வேறு எது வேண்டுமானாலும் கேள். வீட்டைக் கேள், காட்டைக் கேள், உன் அண்ணியின் காசுமாலை தீபாவிடம் இருக்கிறது, அதைக் கேள். முன் கண்ணாடியில் மகேஸ்வரி என்று உன் அண்ணியின் பேரை எழுதி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் அந்தப் பேரைத் துடைத்துவிட்டுத்தான் சாவி போடுவேன். அதைக் கேட்டால் நான் காலையில் எழுந்து எங்கே போவேன்?

நீ படிப்பதைத் தடுக்க நான் யார். ஆனால் ஒன்று. கிளச்சை மிதித்தே வைத்திருக்காதே, கிளச் பிளேட் தேய்ந்துவிடும். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவன் டிரைவரே இல்லை. வளைவில் ஹாரன் அடி. தூங்கி விழுந்தால் ஓரங்கட்டித் தூங்கு. எந்த வேலையும் விட்டுப் போகாது. ஏறும் முன் நாலு டயரையும் ஒரு கட்டையால் தட்டிப் பார். நல்ல காற்று இருந்தால் கட்டை துள்ளும், காற்று குறைந்தால் அழுந்தும். எனக்கு இப்போது சத்தம் கேட்காவிட்டாலும் கை சொல்லிவிடும்.

சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. கோபத்தில் எழுதுகிறேன்.

உடையப்பன்

---

சித்தையன்கோட்டை,
14.10.2024

கோபக்கார அண்ணனுக்கு, உன் தங்கை சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்.

ஆயுதபூசை நன்றாக நடந்ததா? முட்டிக்கு எண்ணெய் போடுகிறாயா? மழை பிடித்துவிட்டது, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டரில் கேள்வி வந்தது. தமிழில்தான் கேட்டது. ஒரே ஒரு கேள்வி தவறு, மற்றதெல்லாம் சரி. எனக்கு முன்னால் காலேஜ் படிக்கிற ஒரு பிள்ளை உட்கார்ந்து அழுதுகொண்டு போயிற்று. நான் யாரிடமும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அப்புறம் கண்டக்டரிடம்.

முதல் நாள் நடந்த கூத்தைக் கேள். நர்கீஸ் கார்க் கதவைத் திறந்து "ஏறுங்க பாட்டிம்மா" என்றாள். ஏறினேன். பைபாஸ் வரைக்கும் போய்விட்டோம். இறங்கலாம் என்று காலைக் கீழே வைத்தால் செருப்பு இல்லை. வீட்டுக்குள் போகிற மாதிரி செருப்பை ரோட்டோரம் கழற்றி விட்டுவிட்டு வண்டிக்குள் ஏறியிருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தோம், ஜோடியாக அப்படியே இருந்தது. நர்கீஸ் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"ஸ்டியரிங்க கோழிக் கழுத்தப் புடிச்ச மாதிரி புடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிறாது" என்கிறாள். "ரோட்ட மட்டும் பாக்காதீங்க. கண்ணாடிய மூணு தடவ பாருங்க. எடது, நடு, வலது. முன்னாடி வர்றவன் உங்கள இடிக்க மாட்டான், பக்கத்துல வர்றவன்தான்" என்கிறாள்.

அண்ணே, ஒன்று சொல்கிறேன். உன்னிடம் வண்டி கேட்கும்போது பூவுக்காகத்தான் கேட்டேன். இப்போது அப்படி இல்லை. மூன்றாவது கியரில் வண்டி தன்னால் உருளும்போது வயிற்றுக்குள் ஒன்று லேசாகிறது பார், அதை அனுபவித்துவிட்டேன். இதை வைத்துக்கொண்டா நீ நாப்பத்திரண்டு வருடம் வீட்டில் வந்து "அலுப்பா இருக்கு, அலுப்பா இருக்கு" என்று சொன்னாய்?

வண்டியைப் பற்றி யோசித்தாயா?

பழனியம்மாள்

---

ஒட்டன்சத்திரம்,
2.11.2024

தங்கச்சிக்கு, தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. வர முடியவில்லை, மன்னித்துக்கொள். வண்டிக்கு வேலை இருந்தது.

செருப்புக் கதையைத் தீபாவுக்குப் படித்துக் காட்டினேன். லாரிக்குள் நான் செருப்போடு ஏறியதே இல்லை. அந்தப் புத்தி உனக்கும் இருக்கிறது.

ஆயுதபூசைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன். சாமி கும்பிட்டு வண்டியை நகர்த்தினேன். இறங்கிப் பார்த்தால் ரெண்டு பழம் நசுங்கவில்லை. சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பழம் உருண்டிருக்கும். முகேஷ் ரெண்டையும் எடுத்துச் சக்கரத்துக்கடியில் வைத்து, மறுபடி எடுக்கச் சொன்னான். ஐம்பது வருடத்தில் எனக்கு ஒரு பழம் தப்பினதில்லை.

மழையாக இருக்கிறது. நீ மழையில் பழகுகிறாயா? வைப்பரை முதல் தூறலிலேயே போடாதே, கண்ணாடி சேறாகிவிடும். கொஞ்சம் நனையவிட்டுப் போடு.

வண்டியைப் பற்றிக் கேட்டாய். மழை விடட்டும், பேசிக்கொள்ளலாம்.

உடையப்பன்

---

சித்தையன்கோட்டை,
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு, உடம்பு சுகம், மனம்தான் சுகம் இல்லை.

நேற்று முன்தினம் டெஸ்ட். ஃபெயில் ஆகிவிட்டேன்.

கேட்டால் உனக்குத்தான் சிரிப்பு வரும். ரிவர்ஸ் போட்டேன், கம்பத்தில் இடிக்கவில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தேன், வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. அப்புறம் இன்ஸ்பெக்டர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து ரோட்டில் போகச் சொன்னார். நல்ல மனுசன். மூன்றாவது கியரில் அழகாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் கையில் இருந்த பேப்பர் கட்டை முன்னால் பலகையில் ஒரு தட்டுத் தட்டி நேராக்கினார். டொக் என்று ஒரே ஒரு தட்டு.

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

நடுரோட்டில், அப்படியே. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டான். இன்ஸ்பெக்டர் பேப்பர் எல்லாம் காலடியில் கிடக்கிறது. "என்னம்மா, குறுக்க எதுவும் வந்துச்சா?" என்றார். "இல்லய்யா." "பெறகு எதுக்கு நிப்பாட்டுனீங்க?" "நீங்கதான தட்டுனீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எங்கண்ணன் லாரி டிரைவர். ஒரு தட்டுத் தட்டுனா நிக்கணும்" என்றேன். குனிந்து பேப்பரைப் பொறுக்கினார். "அம்மா, நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா இத நான் பாஸ்னு போட்டா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. அடுத்த மாசம் வாங்க" என்றார்.

ஆட்டோக்காரனுக்கு நர்கீஸ் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினாள்.

வகுப்பில் முதலாக வந்தவளுக்கு இப்படி ஒரு கேடு. ஊரில் சொல்லவில்லை. டெஸ்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும்தான் உண்மை.

பழனியம்மாள்

---

சித்தையன்கோட்டை,
30.12.2024

அண்ணனுக்கு, நீ சுகமா என்று கேட்டு எழுதுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடம் இருந்து கடிதம் இல்லை. தீபாவுக்குப் போன் போட்டேன். "நல்லாருக்காங்க அத்த" என்றாள். குரல் சரியில்லை.

பதினெட்டாம் தேதி பாஸ் ஆகிவிட்டேன். அதே இன்ஸ்பெக்டர். பேப்பரை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் தபாலில் வந்தது. போட்டோவில் மூக்குத்தி நன்றாக விழுந்திருக்கிறது. சோலைமுத்துவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, ஒங்கிட்ட வாயக் குடுத்தது என் தப்புதான்" என்றான்.

இங்கே பனி இறங்குகிறது. செம்பட்டிப் பக்கம் மாலை போட்டவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ஒரு குடும்பம், கைப்பிள்ளையோடு போனது. தண்ணீர் கொடுத்தோம்.

நீ ஒரு வரி எழுது அண்ணே. வண்டி தர வேண்டாம். ஒரு வரி போதும்.

பழனியம்மாள்

---

ஒட்டன்சத்திரம்,
12.1.2025

தங்கச்சி பழனியம்மாளுக்கு.

நான் இருக்கிறேன். பொங்கலுக்கு எல்லாருக்கும் என் வாழ்த்து. லைசென்ஸ் வாங்கியது சந்தோசம். நம்ம குடும்பத்தில் பொம்பளை பேரில் லைசென்ஸ் அதுதான் முதல்.

நீ ஃபெயில் ஆன கடிதம் வந்த அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் தீபா அடுப்படியில் இருந்து ஓடிவந்தாள். பதில் எழுத நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. தீபாவுக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

மார்கழி பிறப்பதற்கு ரெண்டு நாள் முன்னால். பனி. தக்காளி லோடு. ஒரு வளைவில் இடது பக்கம் காவித் துணி ஒன்று ஆடினது மாதிரி இருந்தது. வேலியில் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தபோது அந்தத் துணிக்குள் ஆள் இருந்தது. என் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. இடிக்கவில்லை. அவன் நின்று என்னைப் பார்த்துக் கத்தினான். வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக விடிந்த பிறகும் என்னால் சாவியைத் திருப்ப முடியவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். முகேஷ் போய் எடுத்து வந்தான். நல்ல பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பூவுக்காக வண்டி கேட்டாய் என்று நான் நம்பினதாக நினைக்காதே. செப்டம்பர் கடிதத்தில் முட்டியைக் கேட்டாய், காதைக் கேட்டாய், செரிமானத்தைக்கூடக் கேட்டாய். கண்ணைக் கேட்கவில்லை. நான் நாக்பூரில் கிடந்தாலும் கல்கத்தாவில் கிடந்தாலும் ஒரு கடிதத்தில்கூட அதைக் கேட்காமல் விட்டவள் இல்லை நீ. அன்றைக்கே தெரிந்துவிட்டது, யாரோ உனக்குச் சொல்லிவிட்டார்கள் என்று. யார் என்று கேட்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்மேல் பயம், எனக்கு அவள்மேல் பயம், அது அப்படியே இருக்கட்டும்.

தெரிந்துமா மூன்று மாதம் ஓட்டினாய் என்று கேட்பாய். ஓட்டினேன்.

வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. மகேஸ்வரி பேரை மட்டும் அழிக்காதே. முகேஷ் இடது பக்கக் கண்ணாடி புதுசு மாட்டிவிட்டான். நானும் உன்கூட வருகிறேன், பூசம் முடிகிறவரை அங்கே இருக்கலாம். ஒரு கண்டிசன். ஐம்பது வருடம் கழித்து எனக்குப் பழைய வேலை வேண்டும். கிளீனர் நான்தான்.

அண்ணன்,
உடையப்பன்

---

சித்தையன்கோட்டை,
30.1.2025

அன்பு மகள் தீபாவுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் அப்பா சுகமாக இருக்கிறார். சொட்டு மருந்தை மணிமேகலை காலையிலும் சாயங்காலமும் விடுகிறாள். நர்சிங் படிக்கிற பிள்ளை, அவரும் ஆடாமல் காட்டுகிறார். தோட்டத்தில் பூப்பறிக்கிறவர்களோடு அவருக்கு ஒரே சிரிப்பு. அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்காது, இவர் பேசுவதற்கு அவர்கள் சிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பியபோது நீ வாசலில் நின்று கண்ணைத் துடைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்று கண்ணாடியையும் பார்த்துத்தான் ஓட்டுகிறேன், அதனால் எதுவும் தப்பாது. நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று நீ போனில் கேட்டாய், அப்போது சரியாகச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கிளம்பும் முன் கட்டையை எடுத்து நாலு டயரையும் அவரே தட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஏறினார். முன் கண்ணாடியில் உன் அம்மா பேரைத் துடைத்தார். கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். ரெண்டு தட்டுத் தட்டினார். எடுத்தேன்.

எதிரே பழனிக்கு நடக்கிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காவியும் பச்சையுமாக, தலையில் மூட்டை, கையில் வேல். வெயில் ஏறி நன்றாக வெளிச்சம் வந்துவிட்டதால் எனக்குச் சிரமம் இல்லை. ரெண்டாவது கியர், மூன்றாவது கியர், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். "என்னலே அவசரம், போங்கடா" என்று உன் அப்பா கையால் வழிவிட்டார். ஹாரன் அவருக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ஆளே இல்லாத ஒரு நேர் ரோடு. ரெண்டு பக்கமும் புளியமரம். ரோட்டில் வெயிலும் நிழலுமாகக் கிடந்தது. திடீரென்று கதவில் ஒரு தட்டு.

நான் நிறுத்தினேன். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்து, ஓரங்கட்டித்தான் நிறுத்தினேன்.

இடது பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. ஆடு இல்லை, சைக்கிள் இல்லை. ஒரு கிளையின் நிழல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உன் அப்பா கழுத்தை முழுக்கத் திருப்பி அந்த நிழலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இஞ்சினை அணைக்காமல் இருந்தேன்.

அப்போதுதான் கேட்டேன். அவருக்குக் கேட்கிற மாதிரி, முகத்துக்கு நேராகக் குனிந்து, கத்தித்தான் கேட்டேன். "அண்ணே, கண்ணு எப்பிடி இருக்கு?"

என்னைப் பார்த்தார். "கொஞ்சந்தான் இருக்கு பழனி" என்றார்.

அப்புறம் கதவில் ரெண்டு தட்டு.

அன்புடன் அத்தை,
பழனியம்மாள்